புழுதிப் புயலும் பூமிக்கடி நீரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்த நிழற்படம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், அதைச் சற்று உற்றுப் பாருங்கள். மேற்குக் கான்சஸ், நெப்ராஸ்கா, வடக்கு டெக்சஸ் ஆகிய பகுதிகளில் நிலம் முழுவதும் சதுரம் சதுரமாகக் கட்டம் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் காம்பஸ் கொண்டு வரைந்தாற்போல ஒரு பச்சை வட்டம் இருக்கும். நான்கு மூலைகள் மட்டும் பழுப்பாக விடுபட்டிருக்கும். பள்ளிக்கூடத்து வடிவ கணிதப் புத்தகத்தை யாரோ ஆயிரக்கணக்கான சதுர மைல்களுக்கு விரித்து வைத்தது போலத் தோன்றும்.

சதுரத்துக்குள் அமையும் மிகப் பெரிய வட்டத்தின் பரப்பு, சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதம் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் கணக்கிட்டுவிடுவார். இங்கே சதுரம் 160 ஏக்கர். வட்டம் ஏறக்குறைய 126 ஏக்கர். சதுரத்தை வரைந்தது 1862-ஆம் ஆண்டின் ஒரு சட்டம். வட்டத்தை வரைந்தது 1952-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஓர் எந்திரம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொண்ணூறு ஆண்டுகளில் அந்தச் சமவெளி ஒரு முறை காற்றில் பறந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அதன் அடியிலிருந்த நீர் இறங்கிக்கொண்டே வருகிறது. இதில் பௌதிகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அரசியலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

160 ஏக்கர்

ஆபிரகாம் லிங்கன் காலத்தில் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ இலவசமாகவே அளித்தது. அந்த நிலம் அதுவரை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கொமாஞ்சே, கயோவா, செயன் முதலிய பழங்குடி மக்கள் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து வாழ்ந்த மண் அது. 1870-களில் காட்டெருமைகள் தோலுக்காகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. மக்கள் ஒதுக்கிடங்களுக்குள் விரட்டப்பட்டனர். அதன் பிறகே நிலம் காலியாயிற்று.

கிழக்கு மாநிலங்களில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஆனால் மேற்கே போகப் போக மழை குறைகிறது. 100-ஆவது தீர்க்கரேகையை ஒட்டி ஆண்டு மழை சுமார் 20 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கப்பால் மழையை மட்டும் நம்பிப் பயிரிடுவது சூதாட்டத்துக்கு ஒப்பாகும். இதை அன்றே எடுத்துச் சொன்னவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். பின்னாளில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவரானவர். வறண்ட பகுதிகளில் மேய்ச்சலுக்கு ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும், நிலத்தின் எல்லைகளை நீர்வளத்தைப் பார்த்தே வகுக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். ரயில்வே நிறுவனங்களுக்கும் நில வியாபாரிகளுக்கும் இது கசந்தது. ஏர் பூட்டினால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்று ஒரு கொள்கையே அப்போது பரப்பப்பட்டது. அதற்குப் பேராசிரியர்களும் சான்றளித்தனர்! 1893-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கூடிய நீர்ப்பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்கெல்லாம் போதுமான நீர் இல்லை என்று பவல் கூறியபோது கூட்டத்தினர் கூச்சலிட்டு அவரை அடக்கினர்.

கோதுமைத் தொழிற்சாலை

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. துருக்கி டார்டனல்ஸ் ஜலசந்தியை மூடியதால் ருஷ்யக் கோதுமை ஐரோப்பாவை அடைய வழியில்லாமல் போயிற்று. அமெரிக்கக் கோதுமைக்குத் திடீர் மதிப்பு! போருக்கு முன்பு ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ கோதுமை, ஒரு டாலருக்கும் கீழே விற்றது. 1917-இல் அரசாங்கமே 2 டாலருக்கு மேல் விலை நிர்ணயித்தது. சமவெளி உழவர்கள் கடன் வாங்கி நிலம் வாங்கினர். மேலும் கடன் வாங்கி டிராக்டர் வாங்கினர்.

போர் முடிந்து விலை சரிந்தபோது உழவு நின்றதா? இல்லை. கடனுக்கு வட்டி கட்ட வேண்டுமே! பாதி விலைக்கு விற்றால் இரு மடங்கு விளைவித்தாக வேண்டும். தெற்குச் சமவெளியில் 1925-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட ஐந்தே ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஏக்கர் புல்வெளி புதிதாக உழப்பட்டது. வட்டத் தட்டுக் கலப்பையை டிராக்டரில் பூட்டி இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் உழுதார்கள். இதில் ஒரு சாராருக்குப் ‘பெட்டி உழவர்கள்’ என்று பெயர். நகரத்தில் வேறு தொழில் பார்ப்பவர்கள் இவர்கள். விதைப்புக்கு ஒரு முறையும் அறுப்புக்கு ஒரு முறையும் கைப்பெட்டியுடன் வந்து போவார்கள்.

மான்டானா மாநிலத்தில் தாமஸ் காம்பெல் என்ற பொறியியல் பட்டதாரி, நியூயார்க் வங்கியாளர்களின் முதலீட்டைக் கொண்டு பழங்குடியினரின் ஒதுக்கிட நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, பல்லாயிரம் ஏக்கரில் கோதுமைப் பண்ணை நடத்தினார். வயலைத் தொழிற்சாலையாகவே அவர் கருதினார். 1929-இல் சோவியத் அரசு அவரை அழைத்து ஆலோசனை கேட்டது. முதலாளித்துவ நாட்டின் மிகப் பெரிய கோதுமை உற்பத்தியாளரிடம் ஸ்டாலின் அரசு பாடம் கேட்டது விந்தையாகத் தோன்றலாம். எனக்கு அதில் விந்தை ஏதும் தெரியவில்லை. பெரிய நிலம், பெரிய எந்திரம், ஒரே பயிர், குறைந்த ஆட்கள் என்ற கணக்கில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

1931-இல் அமோக விளைச்சல். கோதுமை மலை போல் குவிந்தது. விலையோ 40 சென்டுக்கும் கீழே போயிற்று. அதன் பிறகு மழை பொய்த்தது.

காற்று மண்ணை எடுப்பது எப்படி?

மாணவர்களே, இங்கே சற்று நிற்போம். வறட்சி அந்தச் சமவெளிக்குப் புதிதன்று. முன்பும் பல முறை வந்திருக்கிறது; அப்போது எழும்பாத அளவு புழுதி இப்போது மட்டும் எழும்பக் காரணம் என்ன?

காற்றில் மண் நகர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல் தரையில் உருண்டு நகரும். மிக நுண்ணிய துகள்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை, ஒரு முறை மேலே எழும்பிவிட்டால் பல நாட்கள் மிதந்து ஆயிரக்கணக்கான மைல்கள் செல்லும். ஆனால் அவை தாமாக எழும்புவதில்லை. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மேலும் தரையை ஒட்டினாற்போல் காற்றின் வேகம் மிகக் குறைவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ள மணல்தான் வினையை விளைவிக்கிறது. காற்று அதைச் சிறிது உயரம் தூக்கிவிடுகிறது. அது துள்ளிப் போய்ச் சில அடிகளுக்கு அப்பால் விழுகிறது. விழும்போது காற்றிடமிருந்து பெற்ற வேகத்தோடு தரையைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் மேலும் பல மணல்கள் துள்ளுகின்றன. ஒட்டியிருந்த நுண்துகள்கள் பெயர்ந்து காற்றில் கலக்கின்றன. கேரம் பலகையில் ஒரு காய் பல காய்களைச் சிதறடிப்பது போன்ற சங்கிலி நிகழ்ச்சி இது. வயல் நீளமாக இருந்தால் சங்கிலி வலுத்துக்கொண்டே போகும். ஆங்கிலேயப் பொறியாளர் பாக்னால்ட் எகிப்தியப் பாலைவனத்தில் அலைந்து கண்டதையும் காற்றுக் குகையில் சோதித்ததையும் 1941-இல் நூலாக வெளியிட்டார். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கடத்தும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது என்பது அவர் கண்ட விதி. கான்சஸ் விளைநிலங்களில் இதே ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியவர் வில்லியம் செப்பில்.

இப்போது பழைய புல்வெளியை நினைத்துப் பாருங்கள். புல்லின் தாள்கள் தரையை ஒட்டிய காற்றை அடக்குகின்றன. வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணைப் பாய் போல் இறுக்குகின்றன. வறட்சியில் இலை காய்ந்தாலும் வேர் சாவதில்லை. துள்ளும் மணல் எழும்பினாலும் அடுத்த புல்தூரில் சிக்கிக்கொள்ளும். டிராக்டர் இந்தப் பாயைக் கிழித்தது. தட்டுக் கலப்பை மண்கட்டிகளைப் பொடியாக்கியது. ஒரே பயிர் என்பதால் வரப்பும் வேலியும் இல்லாத வயல் மைல் கணக்கில் நீண்டது. நல்ல விளைச்சல் காலத்தில் இவையெல்லாம் சிக்கனமான முறைகள். மழை இல்லாதபோது இவையே காற்றுக்கு வழி திறந்துவிட்டன.

1934 மே மாதத்தில் எழும்பிய ஒரு புயல் சுமார் 35 கோடி டன் மண்ணைச் சுமந்து கிழக்கு நோக்கிச் சென்றது. நியூயார்க்கில் பட்டப்பகலில் தெருவிளக்கு ஏற்றினார்கள். அட்லாண்டிக் கடலில் கரையிலிருந்து பல நூறு மைல் தொலைவில் சென்ற கப்பல்களின் தளத்திலும் கான்சஸ் மண் படிந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. கருஞ்சுவர் போன்ற புழுதி ஒன்று சமவெளியின் குறுக்கே பாய்ந்து வந்தது; தம் கையைத் தம் கண்ணால் காண முடியவில்லை என்று அதில் அகப்பட்டவர்கள் சொன்னார்கள். ‘கறுப்பு ஞாயிறு’ என்றே அந்த நாள் பெயர் பெற்றது. புழுதிக் கிண்ணம் என்ற சொல் மறுநாள் பத்திரிகைச் செய்தி ஒன்றில் பிறந்தது.

உராய்வினால் உண்டாகும் நிலை மின்சாரத்தைச் சீப்பையும் காகிதத் துண்டுகளையும் வைத்து நாம் வகுப்பில் காட்டுகிறோம். அங்கே மின்னேறிய புழுதி, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கார்களை நிறுத்திவிட்டது. மின்னேற்றம் தரையில் இறங்குவதற்காக வண்டியின் பின்னால் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனார்கள். நண்பரைக் கண்டால் கைகுலுக்கக்கூடத் தயங்கினார்கள். அதிர்ச்சி அவ்வளவு பலமாக இருந்தது. குழந்தைகளும் முதியவர்களும் ‘புழுதி நிமோனியா’வால் மாண்டனர். 1940-க்குள் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறியவர்கள் சுமார் 25 லட்சம் பேர். ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த இம்மக்களின் அவலத்தையே ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் நாவலாக்கினார்.

ரூஸ்வெல்ட் அரசு வாளாவிருக்கவில்லை. ஹ்யூ பென்னெட் என்ற மண்ணியலாளர் தலைமையில் மண் காப்புக்கென்று ஓர் அமைப்பு 1933-இல் தோன்றியிருந்தது. 1935-இல் செனட் குழுவின் முன் பென்னெட் பேசிக்கொண்டிருந்தபோது, புழுதி மேகம் வாஷிங்டனையே எட்டி ஜன்னல்களை இருட்டாக்கியது. புயல் வரும் நேரம் தெரிந்தே அவர் பேச்சை வளர்த்தினார் என்று ஒரு கதையும் உண்டு. அந்த ஏப்ரல் மாதமே மண் காப்புச் சட்டம் நிறைவேறியது. சமமட்ட உழவு, பட்டை பட்டையாக மாற்றுப் பயிர், அறுத்த தாளை வயலிலேயே விட்டுவைத்தல் ஆகியவற்றைக் கைக்கொண்ட உழவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. 1935 முதல் 1942 வரை 22 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள், 18,000 மைலுக்கும் அதிக நீளத்துக்குக் காற்றுத் தடுப்பு வரிசைகளாக நடப்பட்டன. பாழான நிலத்தில் ஒரு பகுதியை அரசே விலைக்கு வாங்கி மீண்டும் புல் விதைத்தது. கான்சஸின் சிமரான் புல்வெளி அப்படிப் பிறந்ததே.

ஆனால் ஒன்றை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. பவல் எழுப்பிய கேள்வி, அதாவது இந்த மழையை நம்பி இவ்வளவு பெரிய உழவு இங்கே நிற்குமா என்ற கேள்வி, அப்படியே இருந்தது. 1940 வாக்கில் மழை திரும்பியது, இரண்டாம் உலகப் போரில் விலையும் ஏறியது, கலப்பைகளும் திரும்பின. 1950-களில் மீண்டும் வறட்சி வந்தபோது உழவர் கையில் ஒரு புதிய விடை இருந்தது. அது அவர்கள் காலடியிலேயே இருந்தது.

ஒகல்லாலா

ராக்கி மலைகள் அரிந்து, ஆறுகள் அடித்துவந்த மணலும் சரளையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவானது ஒகல்லாலா நீர்ப்படுகை. நெப்ராஸ்காவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரை இதற்கு 1898-இல் நிலவியலாளர் டார்ட்டன் சூட்டினார். எட்டு மாநிலங்களின் அடியில் சுமார் நாலரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டைப்போல் மூன்றரை மடங்கு. அந்நாட்டில் பாசனத்துக்கு இறைக்கும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ 30 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது. இதைப் ‘பூமிக்கடியில் ஓர் ஏரி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான உவமை. ஈர மணல் நிரம்பிய ஒரு பெருந்தொட்டி என்று கொள்வதே பொருந்தும். நீர் அதில் மணல் இடுக்குகளின் வழியே, ஒரு நாளைக்கு ஓர் அடி என்ற அளவில் ஊர்ந்து செல்கிறது. மேலிருந்து ஊறி இறங்கும் நீரோ, படுகையின் தெற்குப் பாதியில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவு.

காற்றாலை பம்பு மட்டும் இருந்த காலத்தில் இந்த நீர் மாட்டுக்கும் வீட்டுக்கும் போதுமான அளவே மேலே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ஆழ்கிணறு டர்பைன் பம்புகள் மலிந்தன. மோட்டார் கார் என்ஜின்களையே அவற்றோடு இணைத்தார்கள். தென்மேற்குக் கான்சஸுக்கு அடியிலேயே ஹியூகோட்டன் இயற்கை வாயு வயல் இருந்தது. பூமிக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து எரித்து, மற்றொன்றை எடுத்து இறைத்தார்கள்.

விவசாயி பிராங்க் ஸைபாக், நடுவில் கிணற்றையும் அதைச் சுற்றி வரும் கால் மைல் நீளக் குழாய்க் கரத்தையும் கொண்ட பாசன எந்திரத்தை அமைத்து 1952-இல் காப்புரிமை பெற்றார். சக்கரங்களின் மேல் நின்று, மணிமுள் போல் மெல்லச் சுற்றி, மழை போல் நீர் தெளிக்கும் கரம் அது. வாய்க்கால் வெட்ட வேண்டாம், மேடு பள்ளத்தைச் சமன் செய்ய வேண்டாம், மடை திறக்க ஆள் வேண்டாம். விமானத்திலிருந்து காணும் பச்சை வட்டம் இந்தக் கரம் வரைந்ததே.

ஒரு கணக்குப் போடுவோம். 126 ஏக்கர் என்பது சுமார் 51 ஹெக்டேர். ஒரு பருவத்தில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் 2,04,000 கன மீட்டர் நீர் வேண்டும். நீர்மட்டம் 60 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 33,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வருகிறது. பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் 55,000 யூனிட். இது நீரை மேலே கொண்டுவருவதற்கு மட்டும். தொடக்க காலக் கரங்கள் ஏறத்தாழ 5 வளிமண்டல அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சின. அது மேலும் 50 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமம்! வாயு மலிவாக இருந்தவரை யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலை ஏறிய பிறகுதான் பலர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தனர்.

நீர் யாருக்குச் சொந்தம்?

டெக்சஸ் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 1904-இல் ஒரு தீர்ப்பளித்தது. ஒரு ரயில்வே நிறுவனம் பெரிய கிணறு தோண்டி இறைத்ததால் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு வற்றிவிட்டது; அவர் வழக்குத் தொடுத்தார். தன் நிலத்தடியில் கிடைப்பதை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம், அயலாருக்கு நட்டஈடு தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நிலத்தடி நீரின் போக்கு மர்மமானது, அதற்குச் சட்டம் வகுக்க இயலாது என்பது ஒரு காரணம். பௌதிகம் கற்பிக்கிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. மணலின் ஊடே நீர் செல்லும் விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டுவிட்டார். தீர்ப்பு வந்தது அதற்கு 48 ஆண்டுகள் கழித்து!

இப்படி ஒரு சட்டம் இருந்தால் என்ன நடக்கும்? நான் இறைக்காமல் விட்ட நீரை அயலான் இறைத்துவிடுவான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். கான்சஸில் 1945 முதல் நீருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டம் உண்டு. ஆனால் ஊறும் நீரைவிடப் பல மடங்கு நீருக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன.

இதைவிடச் சுவையான ஒரு செய்தியும் உண்டு. எண்ணெய்க் கிணற்று உரிமையாளர்கள், எண்ணெய் எடுக்க எடுக்கச் சொத்து தேய்கிறது என்று காட்டி வருமான வரியில் கழிவு பெறுவார்கள். டெக்சஸ் உழவர் ஒருவர் அதே சலுகையை நீருக்கும் கேட்டு வழக்காடினார். 1965-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தெற்குச் சமவெளியின் நிலத்தடி நீர் மீண்டும் ஊறாதது, தீர்ந்துபோகும் சுரங்கப் பொருளைப் போன்றது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாயிற்று. ஒப்புக்கொண்டு, எவ்வளவு இறைத்தாரோ அதற்கேற்ப வரியையும் குறைத்தது.

நீர் வந்ததும் பயிர் மாறியது. கோதுமைக்குப் பதில் சோளமும், பிறகு அதைவிட அதிக நீர் கேட்கும் மக்காச்சோளமும் வந்தன. தானியம் மலிந்த இடத்துக்கு மாடுகள் வந்தன. பல்லாயிரம் மாடுகளை ஒரே பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் தொழில் கார்டன் சிட்டி வட்டாரத்தில் 1950-களில் தொடங்கியது. மாடுகள் வந்த இடத்துக்கு இறைச்சித் தொழிற்சாலைகள் வந்தன. 1980-இல் அருகிலுள்ள ஹால்கோம் என்ற ஊரில் திறக்கப்பட்ட தொழிற்சாலை அந்நாளில் உலகிலேயே பெரியது எனப்பட்டது. வியட்நாம் அகதிகளும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும் அங்கே கத்தி பிடித்தனர். 1977-இல் அந்நாட்டின் கொழுத்த மாடுகளில் கால் பங்கை நான்கு பெரிய நிறுவனங்கள் அறுத்தன. 1990-களின் இறுதியில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றின் கையில். ஒரு கிலோ எடை கூட மாடு 6, 7 கிலோ தீனி தின்னும். அந்தத் தீனிக்கு நீர் ஒகல்லாலாவிலிருந்து. நீருக்கு விலை கிடையாது. இறைக்கும் செலவு மட்டும் உண்டு. இறைச்சியின் விலையில் அந்த நீர் எங்கும் எழுதப்படவில்லை.

சோவியத் யூனியனும் இக்கதைக்குள் மறுபடி நுழைகிறது. 1954-இல் குருஷ்சேவ் கஜகஸ்தான் முதலிய பகுதிகளின் புல்வெளிகளை உழத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சுமார் 4 கோடி ஹெக்டேர் உழப்பட்டது. முதலில் அமோக விளைச்சல். 1960-களின் தொடக்கத்தில் புழுதிப் புயல். 1963-இல் வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க நேரிட்டது. 1972-இல் மீண்டும் விளைச்சல் குன்றியபோது மாஸ்கோ அமெரிக்காவில் பெருமளவில் கோதுமை வாங்கியது. விலை வானுக்கு ஏறியது. அப்போதைய அமெரிக்க விவசாய அமைச்சர் எர்ல் பட்ஸ், வேலியிலிருந்து வேலி வரை ஓரங்குலம் விடாமல் விதையுங்கள், பண்ணைகளைப் பெரிதாக்குங்கள் என்று ஊக்கினார். 1930-களில் நட்ட காற்றுத் தடுப்பு மரங்களைப் பல இடங்களில் அப்போதுதான் வெட்டி எறிந்தார்கள். சுற்றி வரும் பாசனக் கரத்துக்கு மரம் குறுக்கே நின்றது!

1980-இல் ஆப்கானிஸ்தான் பிரச்சினையை ஒட்டி ஜனாதிபதி கார்ட்டர் சோவியத்துக்குத் தானிய ஏற்றுமதியைத் தடுத்தார். அதே சமயம் வட்டி விகிதம் எகிறியது. அமைச்சர் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கியவர்கள் ஏலத்தில் நிலத்தை இழந்தார்கள். 1935-இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சம்.

சராசரி என்னும் மாயம்

இறைத்தது எவ்வளவு? அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி, பெரிய அளவில் இறைப்பு தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் 2015 வரை குறைந்த நீர் 27.3 கோடி ஏக்கர்-அடி. அதாவது 337 கன கிலோமீட்டர். நம் மேட்டூர் அணையை விளிம்பு வரை நிரப்பினால் 2.65 கன கிலோமீட்டர் பிடிக்கும். ஆகவே 127 மேட்டூர் நீர் போயிற்று.

ஆனால் படுகையில் இன்னும் 291 கோடி ஏக்கர்-அடி மீதியிருக்கிறது என்றும் அதே துறை கூறுகிறது. இழப்பு மொத்தத்தில் 9 சதவீதம்கூட இல்லை. பின் ஏன் இந்தக் கவலை என்று கேட்பீர்கள். இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. மீதி நீரில் பெரும்பகுதி நெப்ராஸ்காவுக்கு அடியில் இருக்கிறது. அங்கே மணற்குன்றுகள் மழையை உறிஞ்சிக் கீழே அனுப்புகின்றன. தெற்கே டெக்சஸில் படுகை மெல்லியது, ஊற்றும் குறைவு, சராசரியாகவே நீர்மட்டம் 40 அடி இறங்கிவிட்டது. கான்சஸ் பகுதியைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2010-க்குள் 30 சதவீதம் நீர் இறைக்கப்பட்டுவிட்டது, இதே போக்கில் சென்றால் அடுத்த 50 ஆண்டுகளில் மேலும் 39 சதவீதம் போய்விடும், மீண்டும் நிரம்ப 500 முதல் 1,300 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டது. நீர் வேகமாகப் பக்கவாட்டில் ஓடி மட்டத்தைச் சமன் செய்யாது. நாளைக்கு ஓரடிதான் ஊர்கிறது என்று முன்பே பார்த்தோம் அல்லவா? நெப்ராஸ்காவின் செல்வம் டெக்சஸின் கிணற்றுக்கு உதவாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கடைசிச் சொட்டு வரை இறைக்கலாம் என்று நினைப்பது தவறு. இத்தகைய மணற்படுகையில் கிணறு தரக்கூடிய நீரின் அளவு, நீர் நிறைந்த மணலின் கனத்தின் இருமடியைப் பொறுத்தது. கனம் பாதியானால் ஊற்று கால் பங்காகிவிடும். நிமிடத்துக்கு 800 காலன் தந்த கிணறு 200 காலன்தான் தரும். பாசனக் கரமோ அவ்வளவு குறைந்த நீரில் 126 ஏக்கரை நனைக்க முடியாது; ஒரு சுற்று முடிவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்துவிடும். எனவே படுகையில் நீர் இருக்கும்போதே பாசனம் செத்துவிடுகிறது. டெக்சஸில் சில இடங்களில் பச்சை வட்டம் அரைவட்டமானது. சிலவற்றில் வட்டமே மறைந்துவிட்டது.

சிக்கனமான கருவிகள் இதற்கு மருந்தாகாவா? 1970-களின் இறுதியில் டெக்சஸ் பொறியாளர்கள், குழாய்களைத் தரைக்கு அருகில் தொங்கவிட்டுக் குறைந்த அழுத்தத்தில் நீர் விடும் முறையைக் கண்டார்கள். காற்றில் ஆவியாகும் நீர் மிச்சம். கான்சஸ் அரசு பிற்காலத்தில் மானியம் கொடுத்துப் பழைய கரங்களை இப்படி மாற்ற வைத்தது. ஆனால் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றிக்கொண்டவர்கள் மொத்தத்தில் முன்னைவிட அதிக நீரையே இறைத்தார்கள் என்று கண்டது. மிச்சமான நீரை அதிகத் தாகமுள்ள பயிருக்கும் கூடுதல் நிலத்துக்கும் திருப்பிவிட்டார்கள். நீராவி எந்திரத்தின் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவும் கூடுகிறது என்று 1865-இல் ஜெவான்ஸ் எழுதியது நினைவுக்கு வருகிறது. உழவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தலைக்கு மேல் கடன் உள்ளவர், அனுமதிக்கப்பட்ட நீரை ஏன் விட்டுவைப்பார்? அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 2005, 2007-ஆம் ஆண்டுச் சட்டங்களின் தூண்டுதலால், கார்களுக்கு எரிசாராயம் காய்ச்சப் போகிறது. அந்த விலைதானே அவர் வயலைத் தீர்மானிக்கிறது?

ஷெரிடன் வட்டாரத்துச் சோதனை

வேறு ஒரு வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. வடமேற்குக் கான்சஸில் ஷெரிடன் வட்டாரத்தில் சுமார் 99 சதுர மைல் பரப்பிலுள்ள உழவர்கள் கூடிப் பேசி, தங்கள் இறைப்பைத் தாங்களே ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள முன்வந்தார்கள். மாநில அரசு 2013-இல் அதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து ஏக்கருக்கு 55 அங்குலம். எந்த ஆண்டில் எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். வறண்ட ஆண்டில் அதிகமாகவும் மழை ஆண்டில் குறைவாகவும் எடுத்துக்கொள்ளலாம். அயலான் இறைத்துவிடுவானே என்ற அச்சம் இதில் இல்லை. எல்லாக் கிணற்றிலும் மீட்டர் இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகள் முடிந்தபோது, பேசியதைவிட அதிகமாகவே இறைப்பு குறைந்திருந்தது. விளைச்சல் சற்றே குறைந்தது. ஆனால் விதை, உரம், எரிபொருள் ஆகியவற்றின் செலவும் குறைந்ததால் நிகர வருமானத்தில் இழப்பு ஏற்படவில்லை. அவர்களே திட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

2022 டிசம்பரில் கான்சஸ் நீர் ஆணையம், படுகையைச் சிறிது சிறிதாகக் காலி செய்யும் கொள்கையைத் தொடரக் கூடாது என்று தீர்மானித்தது. 2023-இல் வந்த சட்டம், நிலைமை மோசமாகவுள்ள இடங்களை அடையாளம் காணும்படி அந்தந்த வட்டார நீர் அமைப்புகளைப் பணித்தது. தென்மேற்கில், பெரிய மாட்டுப் பட்டிகள் உள்ள பகுதியில், ஷெரிடனைப் போன்ற உடன்பாடு எளிதில் வருவதாக இல்லை. அங்கே நீரை நம்பியிருப்பது உழவர் மட்டுமன்று. வங்கி, பட்டி, இறைச்சித் தொழிற்சாலை, பால் பண்ணை, அவற்றின் வரியில் நடக்கும் பள்ளிக்கூடம் எல்லாமே அதை நம்பியிருக்கின்றன.

ஆண்டுதோறும் ஜனவரியில், பம்புகள் ஓய்ந்து நீர்மட்டம் அமைதியடைந்த பிறகு, கான்சஸ் நிலவியல் ஆய்வகத்தாரும் மாநில நீர்வளத் துறையினரும் மாநிலத்தின் மேற்குப் பாதியில் சுமார் 1,400 கிணறுகளை அளக்கிறார்கள். முறை மிக எளியது. எஃகு நாடாவின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியைத் தடவிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். மேலே இழுத்ததும் சுண்ணாம்பு நனைந்த இடத்தைப் பார்த்து ஆழத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். ஷெரிடன் வட்டாரக் கிணறுகளில் அந்த ஈரக்கோடு இன்றும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 2013-க்கு முன்பு இறங்கிய வேகத்தைவிட மிகவும் மெதுவாக இறங்குகிறது.